வீட்டு ஸ்டுடியோவுக்கு மைக் ப்ரீஆம்ப்: காசு கொடுப்பதற்கு முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

என் அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. நடவுப் பாட்டு, தாலாட்டு என்று நாற்பது ஐம்பது பாட்டுகள் அவர் நினைவில் மட்டும்தான் இருக்கின்றன, எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஒரு விடுமுறையில் மைக்கும் லேப்டாப்புமாகப் போய் உட்கார்ந்தேன். வாய்க்குப் பக்கத்தில் மைக் வந்தால் அவருக்குக் கூச்சம், குரல் எழும்பவே இல்லை. அதனால் ஒன்றரை அடி தள்ளி ஒரு டைனமிக் மைக்கை வைத்து, இன்டர்ஃபேஸில் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, முழுக்கத் திருகிப் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோனில் கேட்டால், பாட்டுக்கு அடியில் தூரத்து மழை மாதிரி ஓர் இரைச்சல். "ப்ரீஆம்ப் பத்தாது, நல்லதாக ஒன்று வாங்கு" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். வாங்குவதற்கு முன் ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு என்னை வேறு இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கொஞ்சம் எண்கள் வரும், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

படி 1: ப்ரீஆம்ப் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மின்சாரம். ரெக்கார்டிங் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் லைன் லெவல் என்பது +4 டிபியூ (0.775 வோல்ட்டை 0 என்று வைத்து எண்ணும் டெசிபல்), அதாவது சுமார் 1.23 வோல்ட். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்புவதுதான் ப்ரீஆம்ப். உங்கள் யுஎஸ்பி இன்டர்ஃபேஸில் எக்ஸ்எல்ஆர் கேபிள் சொருகும் ஓட்டைக்குப் பின்னால் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஆகவே கேள்வி "ப்ரீஆம்ப் வேண்டுமா" என்பது இல்லை. "இருப்பது எனக்கு எந்த இடத்தில் போதவில்லை" என்பதுதான். அதற்குப் பதில் தெரியாமல் வாங்கினால், பெட்டி மாறும், இரைச்சல் அப்படியே இருக்கும்.

படி 2: உங்கள் மைக்கின் சென்சிட்டிவிட்டியைத் தேடி எழுதி வையுங்கள்

மைக்கோடு வந்த தாளில் இந்த எண் இருக்கும். 94 டெசிபல் சத்தம் (ஒரு பாஸ்கல் அழுத்தம்) மைக்கைத் தொட்டால் எவ்வளவு மின்சாரம் வரும் என்பதுதான் அது. மூன்று மைக்குகளை எடுத்துக்கொள்வோம். டைனமிக் வகையான ஷூர் எஸ்எம்58 என்றால் −54.5 டிபிவி (1 வோல்ட்டை 0 என்று வைத்து எண்ணும் டெசிபல்), ஏறத்தாழ 1.9 மில்லிவோல்ட். அதே வகையில், பாட்காஸ்ட் செய்கிறவர்கள் விரும்பும் எஸ்எம்7பி இன்னும் கீழே, −59 டிபிவி, 1.12 மில்லிவோல்ட். ரோட் என்டி1 மாதிரி ஒரு கண்டென்சர் (வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் மைக்) −29 டிபிவி, 35 மில்லிவோல்ட். அதே குரல், அதே தூரம், ஆனால் என்டி1 கொடுப்பது எஸ்எம்7பி கொடுப்பதைப்போல் முப்பது மடங்கு. இந்த ஓர் எண்ணே பாதி முடிவைச் சொல்லிவிடும்: கண்டென்சர் வைத்திருப்பவருக்குக் கெயின் பஞ்சம் வருவது அபூர்வம், டைனமிக்கும் ரிப்பனும் (மெல்லிய உலோக நாடாவால் ஒலி பிடிக்கும் மைக்) வைத்திருப்பவர்தான் மேலே படித்தாக வேண்டும்.

படி 3: மைக்கை வந்து தொடும் சத்தம் எவ்வளவு

சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் 60 டெசிபல் பக்கம் இருக்கும். தூரம் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் ஏறும். 50 செ.மீ.யில் 66, 25 செ.மீ.யில் 72, ஒரு சாண் தூரம்கூட இல்லாத 12 செ.மீ.யில் 78. அறைக்குள் எதிரொலி கலப்பதால் அச்சாக இப்படியே இருக்காது, ஆனால் கணக்குக்கு இது போதும்.

என் அத்தை பதிவு கெட்டது இங்கேதான். மைக் இருந்தது 45 செ.மீ.யில். 11 செ.மீ.க்குக் கொண்டு வந்திருந்தால், இரண்டு தடவை பாதியாகி 12 டெசிபல் சும்மா கிடைத்திருக்கும். வெறும் ப்ரீஆம்பை மாற்றி இரைச்சலில் 12 டெசிபல் குறைப்பது, ஓரளவு நல்ல இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவருக்கு எந்த விலையிலும் நடக்காத காரியம். ஏன் என்று ஐந்தாம் படியில் சொல்கிறேன். மறுபடி போனபோது மைக்கை நேர் எதிரே நிறுத்தாமல், தாடைக்குக் கீழே ஒரு பக்கமாக, மேல்நோக்கிச் சாய்த்து வைத்தேன். பார்வையில் படாததால் ரெண்டாவது பாட்டிலேயே அதை மறந்துவிட்டார்.

படி 4: கெயின் போதுமா? தாளில் உள்ள ஓர் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

எல்லாரும் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். "69 டெசிபல் கெயின்" என்று போட்டிருந்தால் "56 டெசிபல்" போட்டதைவிட 13 டெசிபல் அதிகம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த எண் கெயின் குமிழ் எவ்வளவு தூரம் சுற்றுகிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது, எங்கிருந்து சுற்ற ஆரம்பிக்கிறது என்பது அதில் இல்லை. அதற்கு இன்னோர் எண்ணைப் பார்க்க வேண்டும்: கெயின் குறைந்தபட்சத்தில் இருக்கும்போது மைக் இன்புட் தாங்கும் அதிகபட்ச லெவல்.

ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறை 56 டெசிபல் கெயின், அதிகபட்ச இன்புட் +9 டிபியூ. 9இல் 56ஐக் கழித்தால் −47. கெயினை முழுக்கத் திறந்தால் −47 டிபியூ சிக்னல் மீட்டரின் உச்சியைத் தொடும் என்று அர்த்தம். நான்காம் தலைமுறை 2ஐ2 கெயின் 69, அதிகபட்ச இன்புட் +16. கழித்தால் −53. ஆக உண்மையில் கிடைத்த கூடுதல் 6 டெசிபல்தான். அதுவும் நல்ல விஷயம்தான், ஆனால் 13 இல்லை. எந்தக் கருவியை வாங்கப் போனாலும் இந்தக் கழித்தலைச் செய்து, வரும் எண்ணை ஒப்பிடுங்கள். எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு மெல்லிய குரலுக்கு அது எட்டும்.

இப்போது எஸ்எம்58ஐ வைத்துப் பார்ப்போம். 12 செ.மீ.யில் பேச்சு 78 டெசிபல், 94ஐவிட 16 குறைவு. −54.5இலிருந்து மேலும் 16 இறங்கினால் −70.5 டிபிவி. டிபிவியை டிபியூவாக்க 2.2 கூட்ட வேண்டும், −68.3 டிபியூ. மூன்றாம் தலைமுறையில் முழுக் கெயினில் இது மீட்டர் உச்சியிலிருந்து 21 டெசிபல் கீழே நிற்கும். நான்காம் தலைமுறையில் 15 கீழே. மீட்டர் உச்சியை 0 என்று வைத்தால் சராசரிக் குரல் −18 பக்கத்தில் இருந்தால் வசதி என்பது பொதுவான பழக்கம், ஆகவே இரண்டுமே வேலைக்கு ஆகும். எஸ்எம்7பி என்றால் இன்னும் 4.5 குறைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் தலைமுறையில் −26 பக்கம் வரும். குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று ஷூர் நிறுவனமே சொல்வதன் காரணம் இதுதான்.

சரி, −26இல் பதிவானால் கெட்டுவிடுமா? கெடாது. 24 பிட்டில் பதிவு செய்து பிறகு மென்பொருளில் 8 டெசிபல் ஏற்றிக்கொள்ளலாம். முழுக் கெயினில் ப்ரீஆம்பின் சொந்த இரைச்சல் டிஜிட்டல் பகுதியின் இரைச்சலைவிட எவ்வளவோ மேலே நிற்கிறது, அதனால் பின்னால் ஏற்றுவதில் எதுவும் புதிதாகச் சேராது. குரலும் இரைச்சலும் சேர்ந்து ஏறும், இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும். மீட்டர் பச்சையாகத் துள்ளவில்லை என்பதற்காகவே பலர் பெட்டி வாங்குகிறார்கள், அது வேண்டாத செலவு.

படி 5: இரைச்சல் எண்

இஐஎன் என்று போட்டிருப்பார்கள், ப்ரீஆம்பின் சொந்த இரைச்சலை அதன் வாசலில் வைத்துச் சொல்லும் எண். −128 டிபியூ மாதிரி இருக்கும், எவ்வளவு கீழேயோ அவ்வளவு நல்லது. இதற்கு ஓர் அடிமட்டம் உண்டு என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. இந்த எண்ணை அளக்க மைக்குக்குப் பதிலாக வைக்கும் 150 ஓம் மின்தடை எதுவாக இருந்தாலும், சும்மா மேசைமேல் கிடந்தாலும், வெப்பத்தால் அதற்குள் எலக்ட்ரான்கள் அலைவதே ஓர் இரைச்சல். நாம் கேட்கும் அலைவரிசை முழுவதற்கும் அதைக் கணக்கிட்டால் சுமார் −131 டிபியூ வருகிறது. உலகில் எந்த ப்ரீஆம்பும் இதற்குக் கீழே போக முடியாது. ஆக −128 காட்டும் சாதாரண இன்டர்ஃபேஸிலிருந்து மேலே போய் நீங்கள் காசு கொடுத்து வாங்கக்கூடியது மூன்றிலிருந்து ஐந்து டெசிபல்தான். (ஏ-வெயிட்டிங், அதாவது காதுக்குக் குறைவாகக் கேட்கும் அலைவரிசைகளைக் குறைத்து எண்ணும் முறை, போட்டு அளந்த எண் இரண்டு டெசிபல் போல அழகாகத் தெரியும், அதனால்தான் "மூன்றிலிருந்து ஐந்து" என்கிறேன். இன்புட்டை ஷார்ட் செய்து அளந்திருந்தால் இன்னும் அழகாகத் தெரியும். ஒப்பிடும்போது இரண்டும் 150 ஓமில், ஒரே வெயிட்டிங்கில் அளந்ததா என்று பாருங்கள்.)

இந்த இரைச்சலை அறைச் சத்தத்தோடு ஒப்பிட்டால்தான் விஷயம் விளங்கும். −128 டிபியூ என்பது எஸ்எம்58இன் வழியே பார்த்தால், மைக் முன்னால் 18 டெசிபல் சத்தம் இருப்பதற்குச் சமம். எஸ்எம்7பி என்றால் 23. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்தாலும் ஒரு சாதாரண வீட்டு அறை 30 டெசிபல் பக்கம் இருக்கும். ஃபேன் ஓடினால் 40ஐத் தாண்டுவது சாதாரணம். கண்டென்சராக இருந்தால் ப்ரீஆம்பின் இரைச்சல் மைக்கின் சொந்த இரைச்சலுக்கும் கீழே போய்விடும், அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அப்படியென்றால் யாருக்கு ப்ரீஆம்ப் இரைச்சல் உண்மையான பிரச்சினை? பழைய மிக்ஸர், மலிவான இன்டர்ஃபேஸ் என்று −120க்கு மேலே நிற்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு. ரிப்பன் மைக்கில் மெல்லிய ஒலி பிடிப்பவர்களுக்கு. தம்புரா, மடியில் வைத்து மெதுவாக மீட்டும் வீணை ஆகியவற்றை டைனமிக்கில் கொஞ்சம் தள்ளி வைத்துப் பதிவு செய்பவர்களுக்கு. இவர்கள் வாங்கலாம், வித்தியாசம் காதில் கேட்கும்.

படி 6: இருப்பதைச் சோதியுங்கள்

இதை ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம். ஓர் ஆண் எக்ஸ்எல்ஆர் கனெக்டர், ஒரு 150 ஓம் ரெசிஸ்டர் வாங்குங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு சாப்பாட்டுக் காசு ஆகாது. ரெசிஸ்டரின் ஒரு காலை 2ஆம் பின்னிலும் இன்னொரு காலை 3ஆம் பின்னிலும் பற்றவையுங்கள். 1ஆம் பின்னைத் தொட வேண்டாம். பாண்டம் பவரை (கண்டென்சர் மைக்குக்காகக் கேபிள் வழியே போகும் 48 வோல்ட்) அணைத்துவிட்டு, இதை மைக் இன்புட்டில் சொருகி, கெயினை முழுக்கத் திறந்து முப்பது வினாடி பதிவு செய்யுங்கள். மென்பொருளில் ஆர்எம்எஸ் (சராசரி லெவல்) மீட்டர் என்ன காட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இஐஎன் −128, கெயின் 56, இன்புட் +9 உள்ள கருவி −80ஐ ஒட்டிக் காட்ட வேண்டும் (−128ஐயும் 56ஐயும் கூட்டி, 9ஐக் கழித்தால் −81).

இப்போது ரெசிஸ்டரைக் கழற்றி, உங்கள் மைக்கைச் சொருகி, பாடும் இடத்திலேயே வைத்து, யாரும் பேசாமல், அதே கெயினில் இன்னொரு முப்பது வினாடி. கண்டென்சர் என்றால் பாண்டம் பவரைப் போட்டு, இரண்டு பதிவிலும் கெயின் ஒன்றாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மைக்கோடு எடுத்த எண் பத்து டெசிபல் மேலே இருந்தால், நீங்கள் கேட்கும் இரைச்சல் அறையிலிருந்து வருகிறது, ப்ரீஆம்பிலிருந்து இல்லை. அந்தக் காசைக் கதவு இடுக்குக்கும் கனமான திரைக்கும் போடுங்கள். இரண்டு எண்ணும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் மட்டும்தான் ப்ரீஆம்பை மாற்றிப் பயன். எனக்கு இடைவெளி 14 டெசிபல் வந்தது. ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்தி மறுபடி எடுத்தால் 6 ஆகக் குறைந்தது. அத்தைக்கு வேண்டியிருந்தது புது ப்ரீஆம்ப் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லாத பின்கட்டு அறை.

படி 7: பூஸ்டர் போதுமா என்று பாருங்கள்

சோதனையில் ப்ரீஆம்ப்தான் குற்றவாளி என்று வந்தால், தனிப் பெட்டிக்குப் போகும் முன் நடுவில் ஒரு வழி இருக்கிறது. கிளவுட்லிஃப்டர் சிஎல்-1 சுமார் 25 டெசிபல் ஏற்றும், ஃபெட்ஹெட் சுமார் 27. இன்டர்ஃபேஸின் 48 வோல்ட் பாண்டம் பவரில் வேலை செய்யும், ஆனால் அதை மைக்குக்கு அனுப்பாது. அதனால் டைனமிக்குக்கும் ரிப்பனுக்கும் சரி, பாண்டம் தேவைப்படும் கண்டென்சருக்கு ஆகாது. 2023இல் வந்த எஸ்எம்7டிபியில் 18 அல்லது 28 டெசிபல் ஏற்றும் சுற்று மைக்குக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் இன்டர்ஃபேஸின் இஐஎன் மோசமாக இருந்தால் பூஸ்டரால் நல்ல பலன் கிடைக்கும். ஏற்கெனவே −127, −128 என்றால் மீட்டர் மட்டும் ஏறும், காது பெரிதாக எதையும் கவனிக்காது.

படி 8: தனிப் பெட்டிதான் என்று முடிவானால்

ஒரு காரணம் எண்ணிக்கை. மிருதங்கம், வயலின், பாட்டு, கஞ்சிரா என்று நான்கைந்து மைக் ஒரே நேரத்தில் வேண்டும் என்றால், எட்டுச் சேனல் ப்ரீஆம்பை ஏடாட் ஆப்டிக்கல் கேபிளில் (பல சேனலை ஒரே ஒளி இழையில் அனுப்பும் டிஜிட்டல் முறை) இன்டர்ஃபேஸோடு இணைப்பது நல்ல வழி. 48 கிலோஹெர்ட்ஸில் எட்டுச் சேனல் வரும், 96இல் நான்காகிவிடும். இன்டர்ஃபேஸில் ஏடாட் இன்புட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இரண்டு பெட்டியின் டிஜிட்டல் க்ளாக்கும் ஒன்றாக ஓடும்படி ஒன்றை மற்றதன் பின்னால் ஓட வையுங்கள், இல்லாவிட்டால் டிக் டிக் என்று சத்தம் விழும்.

இன்னொரு காரணம் நிறம், அதாவது ப்ரீஆம்ப் ஒலிக்குச் சேர்க்கும் தனிச் சாயல். ஒலிக்கருவிப் பொறியாளர் ரூபர்ட் நீவ் 1970இல் வடிவமைத்த 1073 ப்ரீஆம்ப் இன்றைக்கும் பேசப்படுவது இரைச்சல் குறைவு என்பதற்காக இல்லை. அதன் ட்ரான்ஸ்ஃபார்மர்களும் க்ளாஸ் ஏ சுற்றும் அழுத்திப் பிடித்தால் குரலின் அடியில் ஒரு கனத்தைச் சேர்க்கும். "அழுத்திப் பிடித்தால்" என்பதுதான் முக்கியம். மெதுவான லெவலில் ஓட்டினால் அதற்கும் சுத்தமான ப்ரீஆம்புக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். கெயினை ஏற்றி, வெளியே போகும் லெவலைத் தனியாகக் குறைத்தால்தான் நிறம் வரும். ஆகவே அந்த வகை வாங்கினால் அவுட்புட் ட்ரிம் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பாதிக் காசு வீண். வால்வு இருப்பதை ஜன்னல் வழியே வெளிச்சம் போட்டுக் காட்டும் மலிவுப் பெட்டிகளை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அவற்றில் பல வால்வைக் குறைந்த வோல்டேஜில் பட்டினி போட்டு ஓட்டுகின்றன, கிடைப்பது இதமான கனம் இல்லை, மங்கல்.

வாங்கும்போது மற்ற விஷயங்களையும் பாருங்கள். தவிலோ நாகஸ்வரமோ பக்கத்தில் வைத்துக் கண்டென்சரில் பிடிப்பதாக இருந்தால் 20 டெசிபல் பேட் (உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் பொத்தான்) கட்டாயம் வேண்டும். என்டி1 அளவு சென்சிட்டிவான மைக்கில் 130 டெசிபல் உச்சம் வந்தால் சுமார் +9 டிபியூ வந்து விழும், பல இன்டர்ஃபேஸில் அங்கேயே ஒலி சிதறிவிடும். இன்புட் இம்பீடன்ஸ் (மின்மறுப்பு) மைக்கின் இம்பீடன்ஸைவிடக் குறைந்தது ஐந்து மடங்கு இருக்கட்டும், 300 ஓம் ரிப்பனுக்கு 1500 ஓமாவது. வீணையிலோ வயலினிலோ ஒட்டும் பீசோ பிக்கப்பை நேரடியாகச் சொருக நினைத்தால் மைக் இன்புட் ஆகாது, ஒரு மெகாஓம் இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் வேண்டும். இல்லாவிட்டால் அடி ஒலியே இல்லாமல் தகர டப்பா மாதிரி வரும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பெட்டி என்றால் பின்னால் 115/230 வோல்ட் ஸ்விட்ச் இருக்கிறதா, எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொருகுவதற்கு முன் பாருங்கள். மூன்று பின் ப்ளக்கின் எர்த்தை வெட்டிவிட்டு ரெண்டு பின்னாக மாற்றும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. ஹம் போகிறது என்பதற்காக அதைச் செய்யவே செய்யாதீர்கள், உயிருக்கே ஆபத்து. 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால் எல்லாக் கருவியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகி, பேலன்ஸ்டு கேபிள் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

படி 9: இணைப்பதில் நடக்கும் தப்பு

தனி ப்ரீஆம்பிலிருந்து வரும் கேபிளை இன்டர்ஃபேஸின் எக்ஸ்எல்ஆர் மைக் இன்புட்டில் சொருகக் கூடாது. அப்படிச் செய்தால் சிக்னல் இரண்டாவது ப்ரீஆம்புக்குள்ளும் நுழையும், வாங்கிய காசின் அர்த்தமே போய்விடும். டிஆர்எஸ் ஜாக்கில் (கால் அங்குல வட்ட ஓட்டை), லைன் என்று தேர்ந்தெடுத்து, இன்டர்ஃபேஸ் கெயினைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள். பின்பக்கம் தனியாக லைன் இன்புட் இருந்தால் அதுவே மேல்.

படி 10: திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் காதால் தீர்ப்பு

இரண்டு ப்ரீஆம்பை ஒப்பிடும்போது அரை டெசிபல் சத்தம் அதிகமாக இருப்பதே நன்றாக இருப்பதாகத் தோன்றும், அது காதின் இயல்பு. அதனால் இப்படிச் செய்யுங்கள். ஏற்கெனவே உள்ள ஒரு குரல் பதிவை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, முன்னால் மைக்கை அசையாமல் நிறுத்துங்கள். முதலில் 1 கிலோஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, பழைய ப்ரீஆம்பிலும் புதியதிலும் மீட்டர் ஒரே எண் காட்டும்படி வையுங்கள், 0.1 டெசிபல் வரை. பிறகு அதே குரலை இரண்டின் வழியாகவும் பதிவு செய்து, வீட்டில் யாரிடமாவது கொடுத்து ஃபைல் பெயரை மாற்றித் தரச் சொல்லுங்கள். எது எது என்று தெரியாமல் பத்து தடவை கேட்டு, ஒவ்வொரு தடவையும் பிடித்ததைத் தாளில் குறியுங்கள். ஒன்பது தடவை புதியதையே தேர்ந்தெடுத்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு ஐந்து என்று வந்தால் மறுநாள் காலையே அட்டைப்பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்தக் காசுக்கு அறைக்குள் தொங்கவிட நல்ல கனமான ஜமுக்காளம் நான்கு வாங்குங்கள்.